யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டரைப் பிடுங்கினால் கணினி உறைந்துபோகிறது: டிரைவரில் எங்கே பிழை?

பாரூர் ஏரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் உள்ள ஒரு மாம்பழக்கூழ் ஆலையின் எடைமேடை அறையில் லினக்ஸ் ஓடும் சிறு கணினி ஒன்றை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். அதிலுள்ள ஒரே ஈதர்நெட் போர்ட் கேமராவுக்குப் போய்விட்டதால், அலுவலகக் கணினிக்கு எடையை அனுப்ப ஒரு யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரைச் செருகியிருக்கிறேன். அடாப்டரின் சிப் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லாதது. லினக்ஸின் மையநிரலான கர்னலோடு வரும் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எதுவும் அதை ஏற்கவில்லை. விற்றவர்கள் 3.x கர்னலுக்கு எழுதப்பட்ட மூலநிரலைத் தந்தார்கள். அதை 6.1 கர்னலில் தொகுக்கும்படி திருத்தியது நான்தான்.

அடாப்டர் செருகியே இருக்கும்வரை எந்தக் குறையும் இல்லை. கூழ் இறைக்கும் மோட்டார் ஓடத் தொடங்கும்போதோ, யாராவது மேசையை நகர்த்தும்போதோ இணைப்பு ஒரு கணம் விட்டுப்போனால் மூன்று விதமாகச் சிக்கல் வருகிறது. முதலாவதாக, கர்னல் பதிவேட்டில் (லாக்) -71 என்ற பிழை மழைபோலக் கொட்டி, கணினி அரை விநாடி, ஒரு விநாடி திணறுகிறது. இரண்டாவதாக, நான்கைந்து முறைக்கு ஒருமுறை முழுதாகச் சிக்கிக்கொள்கிறது. அப்போது நெட்வொர்க் இடைமுகங்களைக் காட்டும் ‘ஐபி லிங்க்’ கட்டளைகூடத் திரும்பி வருவதில்லை, பென்டிரைவைச் செருகினாலும் கண்டுகொள்வதில்லை, மின்சாரத்தை நிறுத்தித்தான் மீட்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது சற்று வேறானது: இடைமுகம் விடுபடக் காத்திருப்பதாகவும் அதன் பயன்பாட்டு எண்ணிக்கை இத்தனை என்றும் ஒரு செய்தி 10 விநாடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். அந்த எண்ணிக்கை சில நாட்களில் 40ஐயும் தாண்டியிருக்கிறது. இந்த நிலையில் ‘ஐபி லிங்க்’ ஒழுங்காக வேலை செய்கிறது என்பதுதான் எனக்குப் புரியாத புதிர்.

சிஸ் கோப்பகத்திலுள்ள ‘அன்பைண்ட்’ கோப்பில் எழுதி டிரைவரைக் கழற்றி மாட்டும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை 200 முறை ஓட்டிப் பார்த்தேன், ஒருமுறைகூடப் பிழை வரவில்லை. ஆகவே டிரைவரைச் சந்தேகிக்காமல், அடாப்டரின் வன்பொருளே பழுது என்று இருந்துவிட்டேன். இன்னொரு அடாப்டரிலும் அதே கதைதான்.

டிரைவரின் அமைப்பு இதுதான். விநாடிக்கு ஒருமுறை ஓடும் ஒரு ஒர்க் (பின்னணியில் ஓடும் வேலை), சிப்பிடம் கேபிள் இணைப்பு இருக்கிறதா என்று கேட்கிறது. பதில் வராவிட்டால் 50 மில்லிவிநாடி இடைவெளியில் 10 முறை முயல்கிறது. நிலை மாறியிருந்தால் ஆர்டிஎன்எல் பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு பணிக்கே இடம் தரும் நெட்வொர்க் பூட்டு) எடுத்துக்கொண்டு இடைமுகத்தின் நிலையை மாற்றுகிறது. இடைமுகத்தை நிறுத்தும் ஸ்டாப் செயல்கூறு, அந்த ஒர்க் முடியும்வரை காத்திருந்து ரத்து செய்கிறது. சாதனம் போனதும் அழைக்கப்படும் டிஸ்கனெக்ட் செயல்கூறு, இடைமுகத்தைப் பதிவிலிருந்து நீக்கும் அன்ரெஜிஸ்டர் நெட்டெவ், அதன் நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீ நெட்டெவ் இரண்டையும் அழைத்துவிட்டு, கடைசியாக யூஆர்பிகளை (யூஎஸ்பி தரவுக் கோரிக்கைகளை) விடுவிக்கிறது. சீசன் உச்சத்தில் இருப்பதால் ஆலையில் அதிக நேரம் கைவைக்க விடமாட்டார்கள். எங்கிருந்து தொடங்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

தொப்பூர் கணவாய் எழுதியது:

தம்பி, நீங்கள் தந்திருக்கும் விவரமே பாதி விடை. முதலில் அந்த 200 முறைச் சோதனையை ஒதுக்கிவையுங்கள். அன்பைண்ட் செய்யும்போது சாதனம் போர்ட்டில் உயிரோடு இருக்கிறது; டிரைவர் மட்டுமே விடைபெறுகிறது. கையால் பிடுங்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. சாதனம் முதலில் போய்விடுகிறது, அது போன செய்தி டிரைவருக்குப் பிறகுதான் வந்து சேர்கிறது. வெளி ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் கருவி) வழியாக மாட்டியிருந்தால் இந்த இடைவெளி கால் விநாடிவரை நீளலாம், ஏனெனில் அதிவேக ஹப்பிடம் நிலை கேட்கும் இடைவெளி வழக்கமாக 256 மில்லிவிநாடி. அந்தக் கால் விநாடியில் உங்கள் டிரைவர் இல்லாத சாதனத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சொன்ன மூன்று சிக்கல்களில் இரண்டு அங்கேதான் பிறக்கின்றன.

-71 என்பது ஈ-ப்ரோட்டோ, அதாவது எதிர்முனையிலிருந்து முறையான பதில் வரவில்லை என்று பொருள். உங்கள் நிரலில் பெறும் யூஆர்பியின் முடிவுச் செயல்கூறு, பிழையை அச்சிட்டுவிட்டு அதே யூஆர்பியை உடனே மறுபடியும் சமர்ப்பிக்கிறது என்று ஊகிக்கிறேன். சாதனம் இல்லாததால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் மீண்டும் -71 உடன் திரும்பும், மீண்டும் சமர்ப்பிக்கப்படும். கணினி திணறுவதற்குக் காரணம் இந்தச் சுழற்சி மட்டுமல்ல. கர்னல் செய்திகளைச் சீரியல் போர்ட் வழியே அனுப்பும் சீரியல் கன்சோலை இயக்கி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 115200 வேகத்தில் ஒரு விநாடிக்குச் சுமார் 11,500 எழுத்துகளே போகும். 60 எழுத்துள்ள ஒரு வரிக்கு 5 மில்லிவிநாடி ஆகிறது. நூறு வரி வந்தால் அரை விநாடி போயிற்று. சாதனம் போன செய்தியைக் கையாள வேண்டிய ஹப் வேலையும் அதே கணினியில்தான் தன் முறைக்குக் காத்திருக்கிறது.

முடிவுச் செயல்கூறில் பிழைகளைப் பிரித்துப் பாருங்கள். -2, -104, -108, -19 ஆகியவை வந்தால் யூஆர்பி ரத்தாகிவிட்டது அல்லது சாதனம் போய்விட்டது என்று பொருள். மறுசமர்ப்பிப்பு கூடாது, அச்சிடவும் வேண்டாம். -71, -84, -62 மூன்றும் ஐயத்துக்குரியவை: கேபிளில் ஒரு கணம் இரைச்சல் ஏற்பட்டிருக்கலாம், சாதனமே போயிருக்கவும் கூடும். இவற்றுக்கு உடனே மறுசமர்ப்பிக்காமல் ஒரு டைமர் வைத்துச் சிறிது பொறுத்து முயல வேண்டும். கர்னலில் உள்ள பொதுவான யூஎஸ்பிநெட் கட்டமைப்பு இதற்காகவே எட்டில் ஒரு விநாடி ஒதுங்கி நிற்கிறது. உண்மையைச் சொன்னால், உங்கள் சிப்பின் பாக்கெட் வடிவம் எளிமையானதாக இருந்தால் இந்த டிரைவரையே தூக்கிப் போட்டுவிட்டு யூஎஸ்பிநெட் மீது ஒரு சிறு துணை டிரைவராக எழுதிவிடலாம். நான் அதைத்தான் செய்வேன். ஆனால் சீசன் நடுவில் அது ஆகாது என்பதும் தெரிகிறது.

முழுதாக உறைவதற்கு வருவோம். அன்ரெஜிஸ்டர் நெட்டெவ் தன் முதல் வேலையாக ஆர்டிஎன்எல் பூட்டை எடுக்கிறது. இடைமுகம் இயக்கத்தில் இருந்தால், பூட்டைக் கையில் வைத்தபடியே உங்கள் ஸ்டாப் செயல்கூறை அழைக்கிறது. ஸ்டாப், அந்த ஒர்க் முடியட்டும் என்று நிற்கிறது. ஒர்க்கோ, ஆர்டிஎன்எல் பூட்டு கிடைக்கட்டும் என்று நிற்கிறது. குறுகிய பாலத்தில் எதிரெதிரே வந்த இரண்டு லாரிகள்போல இரண்டும் அப்படியே நின்றுவிடும். ஆர்டிஎன்எல் என்பது ஒரு இடைமுகத்துக்கு மட்டுமான பூட்டு அல்ல, நெட்வொர்க் அமைப்பு முழுவதற்கும் பொதுவானது. எனவே ‘ஐபி லிங்க்’ அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. டிஸ்கனெக்டை அழைத்தது அந்த ஹப்பின் நிகழ்வுகளைக் கவனிக்கும் வேலை. அது திரும்பாதவரை அதே ஹப்பின் மற்ற போர்ட்களையும் கவனிக்க ஆளில்லை, பென்டிரைவ் தெரியாமல் போனது அதனால்தான்.

இது அன்பைண்டில் ஏன் வரவில்லை என்பதற்கும் உங்கள் நிரலிலேயே விடை இருக்கிறது. சாதனம் உயிரோடு இருக்கும்போது கேபிள் நிலை மாறுவதில்லை. நிலை மாறாவிட்டால் ஒர்க் ஆர்டிஎன்எல்லைத் தொடுவதே இல்லை. பிடுங்கிய பிறகு ஓடத் தொடங்கிய ஒர்க் மட்டுமே 10 முறை தோற்று, அரை விநாடி கழித்து, ‘இணைப்பு போய்விட்டது’ என்று முடிவுசெய்து பூட்டுக்குக் கைநீட்டுகிறது. பிடுங்கியதற்கும் டிஸ்கனெக்ட் வருவதற்கும் இடையிலான கால் விநாடியில், விநாடிக்கு ஒருமுறை ஓடும் ஒர்க் தொடங்கிவிடும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. நீங்கள் சொன்ன ‘நான்கைந்து முறைக்கு ஒருமுறை’ என்ற கணக்கு அதோடு பொருந்துகிறது.

திருத்தம் சிறியது. கேரியர் (கேபிள் இணைப்பு) நிலையை மாற்றும் செயல்கூறுகளுக்கு ஆர்டிஎன்எல் தேவையில்லை. ஒர்க்கிலிருந்து அந்தப் பூட்டை எடுத்துவிடுங்கள். வேறு காரணத்துக்காகப் பூட்டு கட்டாயம் வேண்டுமென்றால், கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் திரும்பிவிடும் ட்ரைலாக் வகையைப் பயன்படுத்தி, ஒர்க்கைப் பிறகு ஓடும்படி திட்டமிடலாம். -19 வந்தால் மறுமுயற்சி எதற்கும் இடமில்லை, உடனே வெளியேற வேண்டும்.

டிஸ்கனெக்டின் வரிசையும் தவறு. யூஆர்பிகளின் சுட்டிகள் இருப்பது நெட்டெவின் தனி நினைவகத்தில். ஃப்ரீ நெட்டெவ் முடிந்தபின் அவற்றைத் தொடுவது இடித்துவிட்ட வீட்டுக்குள் சாவியைத் தேடுவதற்குச் சமம். முதலில் அன்ரெஜிஸ்டர், அதன்பின் எல்லா ஒர்க்குகளையும் டைமர்களையும் காத்திருந்து ரத்து செய்தல், பிறகு யூஆர்பிகளையும் இடையகங்களையும் (பஃபர்) விடுவித்தல், கடைசியில்தான் ஃப்ரீ நெட்டெவ். ரத்து செய்யும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: யூஆர்பியை ‘கில்’ செய்தால் அது முடியும்வரை மட்டுமே மறுசமர்ப்பிப்பு தடுக்கப்படும், பின்னால் வரும் ஒரு டைமர் அதை மறுபடி சமர்ப்பிக்க வழி உண்டு. ‘பாய்சன்’ செய்தால் அந்த வழியும் அடைபடும்.

மூன்றாவது சிக்கலுக்கு ஒரு கேள்வி: இந்த டிரைவர், கர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் கோப்பகத்தில் ஏதேனும் கோப்பை உருவாக்குகிறதா? எண்ணிக்கை 40 வரை ஏறுகிறது என்றால் யாரோ திரும்பத் திரும்ப இடைமுகத்தைப் பிடித்துவிட்டு விடாமல் இருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு ஆர்டிஎன்எல் பூட்டை விட்ட பிறகு நடப்பது என்பதால்தான் அப்போது ‘ஐபி லிங்க்’ வேலை செய்கிறது.

கெலமங்கலத்தான் எழுதியது:

மேலே அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் (கணினியில் கார்டுகளை மாட்டும் இணைப்பு) பக்கத்தில் இதே நோய் எப்படி வெளிப்படும் என்பதை மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் ஓசூரில் நான் பார்க்கும் சோதனைக் கணினிகளில் தண்டர்போல்ட் வழியாக மாட்டும் நெட்வொர்க் கார்டுகளே அதிகம்.

யூஎஸ்பியில் சாதனம் போனால் குறைந்தது ஒரு பிழை எண்ணாவது கிடைக்கிறது. பிசிஐயில் அதுவும் இல்லை. இல்லாத கார்டின் ரெஜிஸ்டரை (சிப்புக்குள் உள்ள சிறு நினைவிடத்தை) படித்தால் 32 பிட்களும் 1 ஆக ஒரு மதிப்பு வந்து நிற்கும். டிரைவர் அதை உண்மையான மதிப்பு என்று நம்பிவிடும். நான் ஒருமுறை இரண்டு நாள் தேடிய பிழை இதுதான்: கார்டு சமிக்ஞை தரும்போது ஓடும் இன்டரப்ட் கையாளி, நிலை ரெஜிஸ்டரில் ஏதாவது ஒரு பிட் எழுந்திருக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்படி எழுதப்பட்டிருந்தது. கார்டைப் பிடுங்கியதும் எல்லா பிட்டும் எழுந்தே நின்றன, சுழற்சி முடியவே இல்லை, அந்த சிபியு கோர் அதோடு போயிற்று. ‘ரீசெட் பிட் அணையும்வரை காத்திரு’ என்று வரம்பில்லாமல் எழுதும் பழக்கமும் இதே குழியில்தான் தள்ளும். இதில் ஒவ்வொரு படிப்பும் பதில் வராமல் காலக்கெடு தீரும்வரை சிபியுவை நிறுத்திவைக்கலாம் என்பது கூடுதல் தண்டனை.

இன்டெலின் ஐஜிபி டிரைவர் இதைக் கையாளும் விதம் பார்த்துப் பழக வேண்டியது. எல்லா பிட்டும் 1 ஆக வந்தால் அது உடனே கார்டு போய்விட்டது என்று முடிவுகட்டுவதில்லை, ஏனெனில் சில ரெஜிஸ்டர்களில் அது முறையான மதிப்பாகவும் இருக்கக்கூடும். முதல் ரெஜிஸ்டரை இன்னொரு முறை படித்து, அதுவும் அப்படியே வந்தால்தான் முகவரிச் சுட்டியை வெறுமையாக்குகிறது. அதன்பின் வரும் படிப்புகள் வன்பொருளைத் தொடுவதே இல்லை. விண்டோஸில் என்டிஐஎஸ் வகை நெட்வொர்க் டிரைவர் எழுதுபவர்களுக்கு எதிர்பாராத நீக்கம் என்று தனியாக ஓர் அறிவிப்பே வருகிறது, ஆனால் அங்கும் அறிவிப்பு வருவதற்கு முன்பே கார்டு கையில் இருக்கும்.

உங்கள் டிரைவரில் உள்ள மியூட்டெக்ஸ்களையும் (பூட்டுகளையும்) ஒருமுறை பாருங்கள். ஈதர்நெட் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் ஈத்டூல் கட்டளை ஆர்டிஎன்எல்லை எடுத்துவிட்டுத்தான் டிரைவருக்குள் வருகிறது. டிஸ்கனெக்ட் முதலில் சொந்த மியூட்டெக்ஸை எடுத்துவிட்டு அன்ரெஜிஸ்டரை அழைத்தால், அதே முட்டல் வேறு வாசல் வழியாக வரும். கர்னலில் லாக்டெப் வசதியை இயக்கித் தொகுத்தால், முட்டல் நிகழாவிட்டாலும் பூட்டு எடுக்கும் வரிசை முரண்படுவதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

பாரூர் ஏரி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ப்ராக் கோப்பு இருக்கிறது, அண்ணா. அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பெயரைக் கொண்டு இடைமுகத்தைத் தேடிப் பிடிக்கிறது, விடும் வரி எங்குமே இல்லை. அந்தக் கோப்பை நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கும் கண்காணிப்பு ஸ்கிரிப்டை எழுதியவன் நானே. எண்ணிக்கை 40 என்றால் கணினியை இயக்கி 40 நிமிடம் ஆகியிருக்கிறது என்று பொருள். இத்தனை நாளும் அதை ஒரு கடிகாரமாகக்கூடப் படிக்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன். கோப்பையே நீக்கிவிட்டேன். சீரியல் கன்சோலும் இயங்கிக்கொண்டுதான் இருந்தது.

உறையும்போது நிற்கும் பணிகளின் பட்டியலை கர்னலுக்கு நேரடியாகக் கட்டளையிடும் சிஸ்ஆர்க்யூ வசதியின் ‘டபிள்யூ’ கட்டளை கொண்டு எடுத்தேன். ஹப் பணி ஒர்க் முடியக் காத்திருக்கிறது, ஒர்க் ஆர்டிஎன்எல்லுக்குக் காத்திருக்கிறது. நீங்கள் எழுதியது அப்படியே திரையில் இருந்தது.

ஒரு கேள்வி. டிரைவர் சரியானாலும் இணைப்பு விட்டுவிட்டு வருவது நிற்கவில்லையே, அதற்கு மென்பொருளில் ஏதாவது செய்ய இயலுமா?

தீர்த்தமலை எழுதியது:

நான் டிரைவர் எழுதுபவன் அல்ல. அரூர் வட்டாரத்தில் பால் குளிரூட்டும் நிலையங்களுக்குக் கணினி பொருத்துபவன். மோட்டார் தொடங்கும்போது போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் கர்னல் பதிவேட்டில், போர்ட்டை ஹப்பே முடக்கிவிட்டது, மின்காந்தக் குறுக்கீடாக இருக்கலாம், மறுபடி இயக்குகிறேன் என்ற பொருளில், கேள்விக்குறியோடு ‘ஈஎம்ஐ’ என்ற சொல்லுடன் ஒரு வரி வருகிறதா என்று தேடுங்கள். அந்த வரி இருந்தால் கேபிள் அசையவே இல்லை என்று அறியலாம். இரைச்சலால் போர்ட் முடங்கியதைக் கர்னல் பிடுங்கலாகவே நடத்துகிறது. டிஸ்கனெக்டும் ப்ரோப்பும் (சாதனத்தை டிரைவர் புதிதாக ஏற்பதும்) முழுதாக நடக்கும்.

அப்படியானால் மருந்து வன்பொருளில்தான் இருக்கிறது. நீட்டிப்புக் கேபிளை எடுத்துவிட்டுக் குட்டையான, உறையிட்ட கேபிளைப் போடுங்கள். மோட்டாரின் மின்கம்பியும் யூஎஸ்பி கேபிளும் ஒரே குழாயில் போகக் கூடாது. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர் வரை, 3.0 போர்ட் 900 வரை தரவேண்டியது விதி. சிறு கணினிகள் சில, எல்லாப் போர்ட்களுக்கும் சேர்த்தே அந்த அளவைத்தான் தருகின்றன. தனி மின்னிணைப்பு உள்ள ஹப் ஒன்று அதைத் தீர்க்கும். ஈதர்நெட் கேபிளின் பாரம் அடாப்டரில் தொங்காதபடி சுவரில் ஒரு கிளிப் அடித்து நிறுத்துங்கள். நான் போன இடங்களில் பாதி ‘டிரைவர் கோளாறு’ அந்தக் கிளிப்போடு முடிந்திருக்கிறது.

மேலும் ஒன்று. மலிவான அடாப்டர்கள் சிலவற்றில் மேக் முகவரி (நெட்வொர்க் சாதனத்தின் தனி அடையாள எண்) எழுதப்பட்டிருக்காது. டிரைவர் ஒவ்வொரு ப்ரோப்பிலும் புதிதாக ஒன்றை உருவாக்கும். ஒவ்வொரு மீள்வரவிலும் ரவுட்டர் வேறு ஐபி கொடுத்தால் காரணம் அதுவாக இருக்கலாம். லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லிங்க் கோப்பில், மேக் முகவரியைக் கொண்டு அடையாளம் காணாமல் அடாப்டர் செருகியுள்ள போர்ட்டின் பாதையைக் கொண்டு பொருத்தி, பெயரையும் மேக் முகவரியையும் அங்கேயே நிலையாகக் கொடுத்துவிடுங்கள்.

தொப்பூர் கணவாய் எழுதியது:

தீர்த்தமலை அண்ணன் சொல்வதைச் செய்யுங்கள், ஆனால் கிளிப் அடித்தபின் டிரைவர் திருத்தத்தைக் கிடப்பில் போட்டுவிடாதீர்கள். ஆலையில் உள்ள கணினியை விட்டுவிட்டு, உங்கள் மேசையில் உள்ள கணினியில் கேஏசான் (நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் வசதி) இயக்கிய கர்னலைப் போட்டு, பாக்கெட் போக்குவரத்து முழு வேகத்தில் ஓடும்போது கையால் பிடுங்கிச் சோதியுங்கள். போக்குவரத்து இல்லாத நேரத்தில் பிடுங்கினால் யூஆர்பி எதுவும் நடுவழியில் இராது, பாதிப் பிழைகள் வெளியே வராது. ப்ரோப் முடிவதற்குள் பிடுங்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: செருகி, விளக்கு எரிந்ததும் இழுத்துவிட வேண்டும். ரெஜிஸ்டர் நெட்டெவ் ப்ரோப்பின் கடைசி வேலையாக இருந்தால் அதில் தப்பிப்பீர்கள்.

பாரூர் ஏரி எழுதியது:

ஈஎம்ஐ வரி பதிவேட்டில் இருந்தது, மோட்டார் தொடங்கும் நேரத்தோடு ஒத்துப்போகிறது. கேபிளை மாற்றி, ஹப்பும் கிளிப்பும் போட்டபின் நேற்றும் இன்றும் அந்த வரி வரவில்லை.

வீட்டில் 60 முறை பிடுங்கிப் பார்த்தேன். உறைதல் இல்லை, -71 மழை இல்லை. 47ஆவது முறை கேஏசான் கத்தியது: விடுவித்த நினைவகத்தைத் தொட்டது, அனுப்பும் வரிசை நின்றுபோனால் சிப்பை ரீசெட் செய்யும் வேறொரு ஒர்க். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. விற்றவர்கள் தந்த நிரலில் தனிக் கோப்பில் ஒளிந்திருந்தது, அதை ரத்து செய்யும் வரி எங்குமே இல்லை. அன்ரெஜிஸ்டருக்கும் யூஆர்பி விடுவிப்புக்கும் நடுவில் அதைச் சேர்த்துவிட்டு மறுபடி 60 முறை பிடுங்கினேன், அமைதியாக இருந்தது. அடாப்டரின் உலோக உறைதான் கழன்றுவிட்டது, அடுத்த சோதனைக்கு வேறு ஒன்று வாங்க வேண்டும்.

திருத்திய டிரைவரை ஞாயிறு இரவு, லாரி வராத நேரத்தில் ஆலையில் ஏற்றுகிறேன்.